ஒரே மடிக்கணனியில் இரண்டு இயங்குதளம்: பழைய மெஷினை ஒதுக்குவதற்கு முன்

எமது வர்த்தகர்களில் அநேகமானோரின் மேசையில் இன்று ஒரு மடிக்கணனி இருக்கிறது. கணக்கு, ஸ்டொக், பில், வங்கி, வரி, சப்ளையருக்கு அனுப்பும் ஈமெயில் எல்லாமே அதற்குள்தான். பத்து வருடத்துக்கு முன் கடைக்கு ஒரு கணக்குப் புத்தகம் எப்படியோ, இன்று இந்த மெஷின் அப்படி. ஆனால் புத்தகத்தை லாச்சியில் பூட்டி வைக்கும் நாம், மெஷினின் பாதுகாப்பைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதிலிருந்து கடைக்காரர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியார் கேட்டது இப்படி: "தம்பி, மெஷின் நல்லாத்தானே வேலை செய்யுது. இதை ஏன் நான் மாத்தணும்?"

நியாயமான கேள்வி. புதிய மடிக்கணனியின் விலையில் கடைக்கு எவ்வளவு சரக்குப் போடலாம் என்று ஒரு வியாபாரி கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. எனவே, இருக்கும் மெஷினிலேயே விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். நானும் என் மடிக்கணனியை இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

காலம் முடிந்தது என்றால் என்ன?

ஆதரவு முடிந்த விண்டோஸ் அன்றோடு நின்றுவிடாது. முன்போலவே ஓடும். ஹாஜியாருக்கு விளங்காமல் போனது இதுதான். நிற்பது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்த அப்டேட் மாத்திரமே.

இதன் ஆபத்து மெதுவாகக் கூடும். விண்டோஸ் 10 உம் 11 உம் பெரும்பகுதி ஒரே அடித்தளத்தில் எழுதப்பட்டவை. 11 இல் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால், அதே ஓட்டை 10 இலும் இருக்கக்கூடும். அடைத்த இடத்தைப் பார்த்தே அடைக்காத இடத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஓரளவுக்கு உதவும். ஆனால் உடைந்த பூட்டுக்கு அது காவல்காரன்தான்; பூட்டைத் திருத்தாது.

தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை மேலதிக பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டமொன்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. அது அவகாசம் மாத்திரமே, நிரந்தரத் தீர்வல்ல.

அப்படியானால் விண்டோஸ் 11 போட்டால் என்ன? இங்குதான் சிக்கல். 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சிப்பையும், இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரையும் கேட்கிறது. 6 ஆம், 7 ஆம் தலைமுறை ஐ3, ஐ5 மெஷின்கள் எமது கடைகளில் ஏராளம். அவை நன்றாக வேலை செய்தாலும் முறைப்படி 11 க்குத் தகுதி பெறுவதில்லை.

இரண்டு இயங்குதளம் எப்படி ஒன்றாக இருக்கும்?

ஹார்ட் டிஸ்கை ஒரு கடை அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சுவர் எழுப்பி ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ். மெஷினை ஓன் செய்தவுடன் ஒரு சிறிய பட்டியல் வரும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நீங்கள் தெரிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மாத்திரமே திறந்திருக்கும். மற்றப் பக்கம் போக மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

லினக்ஸ் என்பது 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வல்ட்ஸ் ஆரம்பித்தது. பின்னர் உலகெங்குமுள்ளவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு பல பதிப்புகள் உள்ளன. விண்டோஸுக்குப் பழகியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். கீழே பட்டி, இடது மூலையில் மெனு என்று பார்வைக்குப் பழைய விண்டோஸ் போலவே இருக்கும். 2024 இல் வந்த அதன் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 4 ஜிபி ரெம் இருந்தால் பிழையின்றி ஓடும். விலை எதுவுமில்லை, லைசன்ஸ் சிக்கலும் இல்லை.

இந்தக் கடைசி விடயத்தையும் இலேசாக எடுக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணனி மென்பொருளுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இருக்கிறது. உடைக்கப்பட்ட விண்டோஸையும் உடைக்கப்பட்ட ஒபிஸையும் கடையில் வைத்திருப்பது சட்டப்படியும் பிழை. உடைத்துத் தந்தவன் உள்ளே எதை வைத்தான் என்பதும் எமக்குத் தெரியாது.

யாருக்குப் பொருந்தும்?

எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். கடைக்காரருக்கு அது பெரும்பாலும் சரிவராது. டெலி போன்ற கணக்கு மென்பொருள்களும், இங்கு எழுதி விற்கப்படும் பில்லிங் மென்பொருள்கள் பலவும் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. சில பில் பிரின்டர்களுக்கும் விண்டோஸ் டிரைவர் மாத்திரமே உண்டு. பல வருடக் கணக்கை ஒரே நாளில் இடம் மாற்றுவது புத்தியல்ல.

நான் சொல்லும் வழி இதுதான்: கணக்கு விண்டோஸில் இருக்கட்டும், ஆனால் அந்தப் பக்கம் இணையத்துக்குப் போக வேண்டாம். வங்கி, ஈமெயில், இணையத்தில் தேடல் எல்லாம் லினக்ஸ் பக்கம். உங்கள் பணமும் பாஸ்வேர்டும் புழங்கும் வாசலில் தொடர்ந்து பழுது பார்க்கப்படும் பூட்டு இருக்க வேண்டும். இரண்டு இயங்குதளத்தின் முழுப் பயனும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. இதைக் கடைப்பிடிக்காவிட்டால் ஹார்ட் டிஸ்கைப் பிரித்ததில் எந்த இலாபமும் இல்லை.

பில் போட்டுக்கொண்டே நாள் முழுவதும் ஈமெயிலும் பார்க்க வேண்டியவருக்கு இது சரிவராது. மணிக்கு நாலு தடவை ரீஸ்டார்ட் செய்ய முடியாது. அப்படியானவர்கள் பில்லுக்கு ஒரு மெஷின், இணையத்துக்கு இன்னொரு பழைய மெஷின் என்று வைப்பது நல்லது. காலையில் அல்லது மாலையில் ஒரு தடவை வங்கி வேலை பார்ப்பவருக்கு இம்முறை நன்றாகப் பொருந்தும்.

கை வைப்பதற்கு முன் நான்கு காரியங்கள்

முதலாவது பெக்கப். பேருவளைப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர் லினக்ஸ் போடத் தன் மெஷினை ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்தார். அவர் திரையில் வந்த 'இரேஸ் டிஸ்க்' என்ற தெரிவை அழுத்திவிட்டார். அதன் பொருள் டிஸ்கை முழுதாகத் துடைப்பது. மூன்று வருடக் கடன் கணக்கு ஒரே நிமிடத்தில் போய்விட்டது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர் பழைய பில் கட்டைப் புரட்டியும், வாடிக்கையாளர்களின் நேர்மையை நம்பியும்தான் மீட்டார். கணக்கு மென்பொருளின் உள்ளேயிருந்தே ஒரு பெக்கப் எடுங்கள். அதை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி செய்யுங்கள். வேறொரு கணனியில் அது திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத பெக்கப், எண்ணிப் பார்க்காத காசு.

இரண்டாவது, பிட்லொக்கர். சில மடிக்கணனிகளில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரியாது. மெஷின் ஆரம்பிக்கும் முறையில் மாற்றம் வந்தால், 48 இலக்க மீட்புத் திறவுகோலை அது கேட்கும். அந்த இலக்கம் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கும் கிடைக்காது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்பு பூட்டை எடுத்துவிட்டே வேலையை ஆரம்பியுங்கள்.

மூன்றாவது, 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்'. விண்டோஸ் வேகமாக ஆரம்பிப்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது முழுதாக மூடாமல் பாதி நிலையைச் சேமித்து வைக்கும். அந்த நிலையில் லினக்ஸ் பக்கமிருந்து விண்டோஸ் பைல்களில் எழுதினால் அவை பழுதடையலாம். கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், பவர் பட்டன் பற்றிய இடத்தில் இதை ஓப் செய்யுங்கள்.

நான்காவது, நேரம். பெருநாள் வியாபாரத்துக்கு முந்திய வாரத்திலோ, மாத முடிவுக் கணக்கு நேரத்திலோ இதில் கை வைக்காதீர்கள். வேலை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடியும். ஏதாவது தடங்கல் வந்தால் ஒரு முழு நாள் தேவைப்படும்.

பதிக்கும் முறை

விண்டோஸ் ஏற்கெனவே உள்ள மெஷினில் லினக்ஸை இரண்டாவதாகப் போடுவதே இலகு. லினக்ஸ் மற்றப் பக்கத்தில் விண்டோஸ் இருப்பதைக் கண்டு தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். விண்டோஸ் அந்த மரியாதையைச் செய்யாது.

முதலில் இடம் ஒதுக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க் மெனேஜ்மென்ட் என்பதைத் திறந்து, சி டிரைவில் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வொலியூம்' கொடுத்தால் அந்த டிரைவ் சுருங்கி வெற்றிடம் கிடைக்கும். லினக்ஸுக்கு 50 முதல் 60 ஜிபி போதும். விண்டோஸ் பக்கத்திலும் குறைந்தது 30 ஜிபி காலியாக இருக்கட்டும். உங்களுடையது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், முதலில் ஒரு எஸ்எஸ்டி மாற்றுங்கள். மெஷினின் வேகத்துக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் அதிக பயன் தருவது அதுதான்.

அடுத்து, லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து அதன் ஐஎஸ்ஓ பைலை டவுன்லோட் செய்யுங்கள். சுமார் 3 ஜிபி வரும். ரூபஸ் எனும் இலவச மென்பொருள் மூலம் 8 ஜிபி பெண்டிரைவ் ஒன்றில் அதைப் பதியுங்கள். பெண்டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் வெற்று ஒன்றை எடுங்கள்.

பெண்டிரைவைச் செருகி மெஷினை ஆரம்பிக்கும்போது பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ மெஷின்களில் பொதுவாக எப்12, எச்பியில் எப்9, ஏசுஸில் எஸ்கேப். பெண்டிரைவைத் தெரிவு செய்தால், எதையும் பதிக்காமலே லினக்ஸ் மின்ட் திரையில் ஓடும். இது பெரிய வசதி. துணி வாங்கு முன் தொட்டுப் பார்ப்பது போல, வைபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று இங்கேயே பாருங்கள். பிடிக்காவிட்டால் பெண்டிரைவைக் கழற்றிவிட்டு எழும்பலாம். மெஷினில் ஒன்றும் மாறியிருக்காது.

எல்லாம் சரியென்றால் திரையிலுள்ள 'இன்ஸ்டோல்' ஐகனை அழுத்துங்கள். மொழி, விசைப்பலகை கேட்ட பிறகு முக்கியமான கேள்வி வரும். விண்டோஸுடன் சேர்த்துப் பதிப்பதா, டிஸ்கைத் துடைப்பதா என்று கேட்கும். 'அலோங்சைட்' என்ற சொல் உள்ள தெரிவே எமக்குரியது. அதன் பொருள் 'அருகருகே' என்பதாகும். அந்தத் தெரிவே வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். விண்டோஸும் பெண்டிரைவும் வெவ்வேறு பூட் முறையில் ஆரம்பித்திருக்கலாம், அல்லது டிஸ்க் 'ரெயிட்' முறையில் இருக்கலாம். இரண்டையும் அனுபவமுள்ளவர்தான் திருத்த வேண்டும். ஊகத்தில் அடுத்த பட்டனை அழுத்த வேண்டாம்.

பதித்து முடிந்து மெஷின் ஆரம்பிக்கும்போது பட்டியல் வரும். ஒன்றும் அழுத்தாவிட்டால் சில விநாடிகளில் லினக்ஸ் ஆரம்பிக்கும். கடையில் கூடுதலாகப் பாவிப்பது விண்டோஸ் என்றால் அதையே முதல் தெரிவாக மாற்றிவைக்கலாம்.

பிறகு வரும் சில்லறைப் பிரச்சினைகள்

நேரம் பிழைப்பது முதலாவது. மெஷினுக்குள் ஒரு சிறு கடிகாரம் ஓடுகிறது. விண்டோஸ் அதை இலங்கை நேரமாக எடுக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்து ஐந்தரை மணித்தியாலம் கூட்டும். இதனால் லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால், காலை 10 மணி 4.30 என்று காட்டலாம். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனால், இணையம் கிடைக்கும்வரை இரவு 7 மணி மறுநாள் 12.30 ஆகலாம். அதாவது, திகதியே மாறிவிடும். பில்லில் திகதி பிழைத்தால் என்னவாகும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை எடுக்கச் செய்யும் கட்டளை ஒன்று உண்டு. பதித்துத் தருபவரிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை.

இரண்டாவது எழுத்துரு. எமது கடிதங்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. அவை லினக்ஸில் வெறும் ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். பாமினி பொன்ட் பைலை அந்தப் பக்கமும் போட்டால் சரியாகும். புதிதாக எழுதுவதை யுனிகோடில் எழுதிப் பழகினால் இரு பக்கமும் பிரச்சினையில்லை. வேர்ட், எக்செல் பைல்களை லினக்ஸில் உள்ள லிப்ரே ஒபிஸ் திறக்கும். ஆனால் மெக்ரோ உள்ள எக்செல் படிவங்களை விண்டோஸிலேயே நிரப்புங்கள்.

மூன்றாவது அப்டேட். 2024 ஓகஸ்டில் வெளிவந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டால், இரு இயங்குதளமுள்ள பல மெஷின்களில் லினக்ஸ் ஆரம்பிக்க மறுத்தது. பின்னர் அது திருத்தப்பட்டது. இப்படி ஏதும் நடந்தாலும் பைல்கள் அழிவதில்லை, வாசல்தான் அடைபடுகிறது. லினக்ஸ் பதித்த பெண்டிரைவை அழிக்காமல் லாச்சியில் வைத்திருங்கள். வாசலைத் திறக்க அது உதவும்.

நான்காவது, லினக்ஸ் வேண்டாமென்று பிற்காலத்தில் தோன்றினால் அதன் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிடாதீர்கள். மெஷின் அந்தப் பட்டியலைத் தேடிக் கறுப்புத் திரையில் நிற்கலாம். முதலில் பூட் வரிசையில் விண்டோஸை முதலாவதாக்கிவிட்டுப் பிறகு அழியுங்கள்.

எந்த வேலை எந்தப் பக்கம்?

விண்டோஸ் பக்கம்: கணக்கு, ஸ்டொக், பில். வைபை ஓப்பில் இருக்கட்டும். லைசன்ஸைச் சரிபார்க்க இணையம் கேட்கும் மென்பொருள் என்றால், அந்த வேலைக்கு மாத்திரம் இணைத்துவிட்டு நிறுத்துங்கள். இணையம் இல்லாவிட்டாலும் பெண்டிரைவ் வழியாக வைரஸ் வரலாம். அச்சகத்துக்கும் கொமியுனிகேஷனுக்கும் போய்வரும் பெண்டிரைவை இந்தப் பக்கம் செருக வேண்டாம்.

லினக்ஸ் பக்கம்: வங்கி, ஈமெயில், இறைவரித் திணைக்களத்தின் ஒன்லைன் சேவை, சப்ளையரின் விலைப்பட்டியல், மற்றெல்லா இணைய வேலைகளும். லினக்ஸ் விண்டோஸ் பக்கத்துப் பைல்களைப் பார்க்கும். ஆனால் விண்டோஸ் சாதாரணமாக லினக்ஸ் பக்கத்தைப் படிக்காது. வங்கிக் கூற்றைக் கணக்குக்கு எடுக்க விண்டோஸ் பக்கத்தில் ஒரு போல்டர் போதும். ஆனால் ஈமெயிலில் வந்த தெரியாத இன்வொய்ஸைத் தூக்கி அதில் போட்டுவிட்டு விண்டோஸில் திறந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். அதை லினக்ஸிலேயே திறந்து பாருங்கள்.

இன்னுமொன்று. எந்த இயங்குதளமும் மனிதன் ஏமாறுவதைத் தடுக்காது. வங்கியின் பெயரில் வரும் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தால், லினக்ஸானாலும் பணம் போகும்.

செலவைப் பார்ப்போம்

மெஷின் 4 ஜிபி ரெம்முக்குக் குறைவாகவோ, பெட்டரியும் விசைப்பலகையும் பழுதாகவோ இருந்தால், இதில் நேரம் செலவழிப்பதை விடப் புதியதற்குச் சேமிப்பது மேல். மெஷின் நல்ல நிலையில் இருந்தால், ஒரு பெண்டிரைவ், தேவைப்பட்டால் ஒரு எஸ்எஸ்டி, டெக்னீஷியனின் கூலி, இவ்வளவுதான் செலவு. சில வருடங்களுக்குப் புதிய மெஷினை ஒத்திப்போடலாம். அதற்குள் கணக்கு மென்பொருளை எதற்கு மாற்றுவது என்று ஆறுதலாக யோசிக்கவும் அவகாசம் கிடைக்கும்.

டெக்னீஷியனிடம் கொடுப்பதாக இருந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெக்கப்பைத் திறந்து பார்த்தீர்களா? பிட்லொக்கர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பதித்த பின் இரு பக்கமும் நேரம் சரியாக இருக்கிறதா? இவற்றுக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்கலாம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவரிடம் கடையின் கணக்கைக் கொடுக்காதீர்கள்.